பெட்ரோலுக்கும் தாருக்கும் நடுவே: வாசகர் கேள்வி - பதில்

சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டேங்கர் லாரியில் ஏறி வெளியே வரும் பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு எல்லோருக்கும் தெரிந்தவை. ஆலைக்குள் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்குக் குழாய் வழியே போய்க்கொண்டிருக்கும் இடைப்பொருள்களைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மாணவர்கள், ஆலைப் பயிற்சியாளர்கள், கப்பல் பொறியாளர், பட்டறைக்காரர், எண்ணெய் ஆலை மேற்பார்வையாளர் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: நாப்தாவும் (கச்சா எண்ணெயை வடிக்கும்போது கிடைக்கும் லேசான திரவம்) பெட்ரோலும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் கொதிக்கின்றன. அப்படியானால் நாப்தாவை நேரே பங்கில் விற்றால் என்ன? - திருவொற்றியூர் வாசகர்

பதில்: கொதிநிலை ஒத்துப்போனால் மட்டும் போதாது. கச்சா எண்ணெயிலிருந்து நேரே வடித்தெடுத்த லேசான நாப்தாவின் ஆக்டேன் எண் (இன்ஜினில் தட்டாமல் எரியும் திறனின் அளவு) 65 முதல் 70 வரைதான் இருக்கும். கன நாப்தாவுக்கு அதைவிடவும் குறைவு. பி.எஸ்.6 என்ற இந்திய மாசுத் தரத்துக்கான பெட்ரோலுக்குக் குறைந்தது 91 வேண்டும். ஆக்டேன் குறைந்தால் சிலிண்டருக்குள் தீச்சுடர் வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். இன்ஜின் தட்டும், பிஸ்டன் தலை பழுதாகும். கந்தகமும் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரம்பைத் தாண்டி நிற்கும்.

அதனால் முதலில் ஹைட்ரஜன் கொண்டு கந்தகத்தை நீக்கிவிட்டு, ஸ்பிளிட்டர் கோபுரத்தில் நாப்தாவை லேசு, கனம் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். எந்த டிகிரியில் பிரிப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. மெத்தில் சைக்ளோபென்டேன் 72 டிகிரியிலும் சைக்ளோஹெக்சேன் 81 டிகிரியிலும் கொதிக்கும். இவை கன நாப்தாவோடு சேர்ந்து, ஆக்டேனைக் கூட்டும் ரிஃபார்மர் யூனிட்டுக்குப் போனால் அங்கே பென்சீனாக மாறிவிடும். பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எனவே பிரிக்கும் வெப்பநிலையான வெட்டுமுனையை 80-85 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து, இவற்றை லேசான பக்கமே தள்ளி, மூலக்கூறின் வடிவத்தை மாற்றி ஆக்டேனைக் கூட்டும் ஐசோமரைசேஷன் யூனிட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்காக வெட்டுமுனையை அளவுக்கு மீறி உயர்த்தவும் கூடாது. ஏழு கார்பன் கொண்ட மூலக்கூறுகள் ஐசோமரைசேஷனுக்குள் நுழைந்தால் உடைந்து புரொப்பேனாகவும் பியூட்டேனாகவும் போய்விடும். அந்த அளவுக்குப் பெட்ரோல் நஷ்டம்.

ரிஃபார்மரில் பிளாட்டினம் வினையூக்கி மேல் சுமார் 500 டிகிரியில் கன நாப்தா ரிஃபார்மேட்டாக மாறும். ஆக்டேன் 95 முதல் 102 வரை போகும். உள்ளே போகும் நாப்தாவில் கந்தகம் 0.5 பிபிஎம்-க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளாட்டினம் செயலிழக்கும்.

இனி கலவைக் கணக்கைப் பார்ப்போம். எத்தனால் சேர்ப்பதற்கு முந்தைய பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிஃபார்மேட் 45 பங்கு (ஆக்டேன் 98, அரோமேட்டிக், அதாவது பென்சீன் போன்ற வளைய மூலக்கூறுகள், 65 சதவீதம்), கன எண்ணெயை வினையூக்கியால் உடைக்கும் கேட் கிராக்கர் தரும் பெட்ரோல் 35 பங்கு (91.5, அரோமேட்டிக் 28), ஐசோமரைசேஷனில் கிடைக்கும் ஐசோமரேட் 20 பங்கு (86, அரோமேட்டிக் இல்லை). ஆக்டேன் 93.3 வருகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரோமேட்டிக் 39 சதவீதம் ஆகிவிட்டது, வரம்பு 35. ரிஃபார்மேட்டை 35 ஆகக் குறைத்து மற்ற இரண்டையும் 40, 25 என்று ஏற்றினால் அரோமேட்டிக் 34-க்கு இறங்கும், ஆக்டேன் 92.4-ல் நிற்கும். உண்மைக் கலவை இப்படி நேர்கோட்டுக் கணக்குக்கு முழுக்க அடங்காது. ஆனாலும் ஆலைத் திட்டமிடுபவரின் அன்றாடத் தலைவலி இதுதான்: ஆக்டேனைக் கூட்டும் பொருளே வரம்பையும் மீற வைக்கிறது.

கேள்வி: வி.ஜி.ஓ. என்கிறார்களே, அது என்ன? அதை எடுக்க வெற்றிடம் எதற்கு? - வேதிப்பொறியியல் மாணவி, கோவை

பதில்: வாக்யூம் காஸ் ஆயில் என்பதன் சுருக்கம். முதல் கோபுரத்தில் கச்சா எண்ணெயை 350-370 டிகிரிக்கு மேல் சூடாக்குவதில்லை. அதற்கு மேல் போனால் மூலக்கூறுகள் உடைந்து உலைக் குழாய்களுக்குள் கரி பிடிக்கும். ஆனால் அடியில் தங்கும் கசண்டில் 370 முதல் 550 டிகிரி வரை கொதிக்கும் நல்ல எண்ணெய் நிறைய இருக்கிறது. அழுத்தத்தை 30 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் குறைத்துவிட்டால், 540 டிகிரியில் கொதிக்க வேண்டியது 400-ஐ ஒட்டியே ஆவியாகிவிடும். உடையாமல் எடுத்துவிடலாம்.

இப்படிக் கிடைக்கும் வி.ஜி.ஓ. மூன்று வழியில் போகலாம். கேட் கிராக்கருக்குப் போனால் பெட்ரோலும் புரொப்பிலீனும் கிடைக்கும். ஹைட்ரஜனோடு உடைக்கும் ஹைட்ரோகிராக்கருக்குப் போனால் நல்ல டீசலும் விமான எரிபொருளும். மசகெண்ணெய்ப் பிரிவுக்குப் போனால் கரைப்பான் கொண்டு அரோமேட்டிக்கைப் பிரித்து, குளிரவைத்து மெழுகை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயாக்குவார்கள். பிரித்த மெழுகு மெழுகுவர்த்திக்கும், பிரித்த அரோமேட்டிக் எண்ணெய் ரப்பர் பதப்படுத்தவும் உதவும்.

வி.ஜி.ஓ.வின் தரத்தைக் கொதிநிலை சொல்லாது. கூடவே என்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நிக்கலும் வனேடியமும் 1-2 பிபிஎம்-க்குள், கார்பன் எச்சம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் கேட் கிராக்கர் நிம்மதியாக ஓடும். கூடினால் வனேடியம், கரியை எரித்து வினையூக்கியைப் புதுப்பிக்கும் ரீஜெனரேட்டரில் நீராவியோடு சேர்ந்து வினையூக்கியின் சியோலைட் படிகத்தையே அழிக்கும்; நிக்கல் ஹைட்ரஜனையும் கரியையும் பெருக்கும். இந்த உலோகம் பெரும்பாலும் கோபுரத்துக்குள் ஆவியோடு இழுபட்டு வரும் கசண்டுத் துளிகளில்தான் வருகிறது. அதைப் பிடிப்பது எண்ணெய் ஆவியாகும் ஃபிளாஷ் பகுதிக்கு மேலே, வாஷ் எண்ணெய் விட்டு நனைத்து வைக்கும் வாஷ் படுகை. எரிசக்தி மிச்சம், வி.ஜி.ஓ. கூடுதல் என்று வாஷ் எண்ணெயைக் குறைத்துவிடுவார்கள். படுகை காய்ந்து கரி கட்டும், பிறகு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் நனையாது. கன வி.ஜி.ஓ. மாதிரி பழுப்பிலிருந்து கறுப்புக்கு மாறினால் ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்காமல் முதலில் அந்த வாஷ் எண்ணெய் ஓட்டத்தைப் பாருங்கள்.

கேள்வி: கேட் கிராக்கரிலிருந்து வரும் எல்.சி.ஓ. (லைட் சைக்கிள் ஆயில்) டீசல் கொதிக்கும் அதே சூட்டில்தான் கொதிக்கிறது. ஏன் அதை டீசலோடு கலந்துவிடக் கூடாது? - பாலிடெக்னிக் மாணவர், எண்ணூர்

பதில்: கலக்கிறார்கள், ஆனால் கொஞ்சமாக, அதுவும் ஹைட்ரஜன் கொண்டு பதப்படுத்திய பிறகு. எல்.சி.ஓ.வில் பாதிக்கு மேல் அரோமேட்டிக்தான். 70-80 சதவீதம் வரையும் போகும். சீட்டேன் எண் (டீசல் எளிதாகப் பற்றும் திறனின் அளவு) 20-25. டீசலுக்கு 51 வேண்டும். சீட்டேன் 54 உள்ள நல்ல டீசல் 90 பங்கில் சீட்டேன் 22 உள்ள எல்.சி.ஓ. 10 பங்கு ஊற்றினாலே 50.8 ஆகிவிடும், தரம் போய்விட்டது. அடர்த்தியும் இடிக்கும்: டீசலுக்கு உச்சவரம்பு கனமீட்டருக்கு 845 கிலோ, எல்.சி.ஓ. 930-க்கு மேல். பல வளைய அரோமேட்டிக் 8 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற விதியும் இருக்கிறது. உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஏற்றினால் இந்தக் குறைகள் குறையும். அதற்குச் செலவாகும் ஹைட்ரஜன் சாதாரண டீசலைவிட மிக அதிகம்.

இதே எல்.சி.ஓ. பர்னஸ் ஆயிலின் பிசுக்கைக் குறைக்கப் பயன்படும்போது அருமையான பொருள். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: எங்கள் வார்ப்படப் பட்டறையில் பர்னஸ் ஆயில் எரிக்கிறோம். இரண்டு இடத்தில் வாங்கியதை ஒரே டேங்கில் ஊற்றினோம். சில நாளில் அடியில் கட்டியான கசடு, ஃபில்டர் அடைப்பு. இரண்டு எண்ணெய்க்கும் தரச் சான்று சரியாகவே இருந்தது. - கோவை வாசகர்

பதில்: இரண்டும் தனித்தனியே நல்ல எண்ணெயாகத்தான் இருந்திருக்கும். சேர்ந்ததுதான் தப்பு. பர்னஸ் ஆயிலில் இருக்கும் ஆஸ்பால்டீன் என்ற கறுப்புப் பொருள் கரைந்து இருப்பதில்லை; ரெசினும் அரோமேட்டிக்கும் சுற்றிப் பிடித்திருப்பதால் நுண்துகளாக மிதந்துகொண்டிருக்கிறது. விஸ்பிரேக்கரில் வெப்பத்தால் உடைத்த கசண்டில் இந்தப் பிடிப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதில் பாரஃபின் (வளையமில்லாத சங்கிலி மூலக்கூறு) மிகுந்த எண்ணெய் சேர்ந்தால் ஆஸ்பால்டீன் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் இறங்கிவிடும். அரோமேட்டிக் மிகுந்த எல்.சி.ஓ. சேர்த்தால் பிடிப்பு கூடும். அதனால்தான் அதைக் கலப்பெண்ணெயாக விரும்புகிறார்கள்.

அடுத்த முறை கலக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் கலக்கப்போகும் அதே விகிதத்தில் இரண்டையும் எடுத்து, சுமார் 90 டிகிரிக்குச் சூடாக்கி நன்றாகக் கலக்குங்கள். ஒரு துளியை ஃபில்டர் தாளின் நடுவில் விட்டு, 100 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வையுங்கள். கறை ஒரே நிறமாகப் பரவியிருந்தால் சேரும். நடுவில் கறுத்த வட்டமும் அதற்கு வெளியே வெளிறிய வளையமும் தெரிந்தால் சேராது. ஆய்வகத்தில் இதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் கலக்கவே வேண்டாம்.

இப்போது கட்டியிருக்கும் கசடைக் கரைக்க டீசல் ஊற்றாதீர்கள். பலரும் செய்வது அதைத்தான். டீசலில் பாரஃபின் அதிகம் என்பதால் மேலும் கசடு இறங்கும். மேலே தெளிந்த எண்ணெயை எடுத்து எரித்துவிட்டு, அடிக்கசடைத் தனியே வெளியேற்றி டேங்கைச் சுத்தம் செய்வதே வழி. பர்னர் முனையில் எண்ணெய் பிசுக்கு 20 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்க வேண்டும். 50 டிகிரியில் 180 சென்டிஸ்டோக்ஸ் உள்ள எண்ணெய்க்கு இது சுமார் 105-115 டிகிரிச் சூட்டில் கிடைக்கும். ஹீட்டரை அதற்கேற்ப வையுங்கள்.

கேள்வி: கப்பலில் பங்கர் எண்ணெயில் 'கேட் ஃபைன்ஸ்' என்று எச்சரிக்கிறார்கள். இது எங்கிருந்து வருகிறது? - கப்பல் பொறியாளர், தூத்துக்குடி

பதில்: கேட் கிராக்கரின் அடியில் தங்கும் எண்ணெயோடு உடைந்த வினையூக்கித் தூளும் கொஞ்சம் வந்துவிடும். அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த தூள், எஃகைக் கீறும் கடினம். படிய வைத்துத் தெளிந்த எண்ணெய் நல்ல அரோமேட்டிக் சரக்கு. டயருக்கான கார்பன் பிளாக் ஆலைகள் இதைத்தான் மூலப்பொருளாக வாங்குகின்றன. மீதி பங்கர் எண்ணெயில் கலக்கும்போது தூளும் கூடவே வருகிறது.

ஐ.எஸ்.ஓ. 8217 தரத்தில் வழக்கமான 380 ரகத்துக்கு அலுமினியமும் சிலிக்கனும் சேர்த்து கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை அனுமதி. இன்ஜினுக்குள் போகும்போது அது 15-க்குக் கீழே இருக்க வேண்டும். இந்த இடைவெளியை எண்ணெயைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் உங்கள் பியூரிஃபயர்தான் குறைக்க வேண்டும். எண்ணெய் 98 டிகிரியில் உள்ளே போகிறதா என்று பாருங்கள். சில டிகிரி குறைந்தாலே பிசுக்கு ஏறித் தூள் பிரியாது. ஓட்டத்தை இன்ஜின் தேவைக்குச் சற்றே மேலாக, முடிந்தவரை மெதுவாக வையுங்கள். இந்தத் தூள் தண்ணீரோடு ஒட்டும் குணமுள்ளது, ஆகவே செட்லிங் டேங்க்கில் தண்ணீரைத் தவறாமல் வடியுங்கள். கடல் கொந்தளிக்கும்போது டேங்க் அடியில் படிந்திருந்த தூள் ஒரே நேரத்தில் கிளம்பும். லைனரும் பிஸ்டன் வளையமும் தேய்ந்துபோவது பெரும்பாலும் அப்போதுதான்.

கேள்வி: கோக்கர் நாப்தா மாதிரியைக் குப்பியில் வைத்தால் இரண்டு நாளில் பழுப்பாகிவிடுகிறது. சாதாரண நாப்தா அப்படி மாறுவதில்லை. ஏன்? - ஆலைப் பயிற்சியாளர், மணலி

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கோக்கரில் கசண்டு எண்ணெயை ஏறக்குறைய 500 டிகிரியில் உடைக்கிறோம், அங்கே ஹைட்ரஜன் சேர்ப்பதில்லை. அதனால் அந்த நாப்தாவில் ஓலிஃபினும் (இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறு), அதைவிடத் துடிப்பான டையோலிஃபினும் மண்டிக் கிடக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் இவை ஒன்றோடொன்று இணைந்து கோந்தாகும். குப்பியில் நிறம் மாறுவதோடு நிற்கும்; ஆலையில் அதே கோந்து வெப்பப் பரிமாற்றியிலும் ரியாக்டரின் மேல்படுகையிலும் படிந்து அழுத்த வேறுபாட்டை ஏற்றிக்கொண்டே போகும். எனவே கோக்கர் நாப்தாவை டேங்க்கில் நிறுத்தாமல் சூடாகவே நேரே, ஹைட்ரஜன் கொண்டு பதப்படுத்தும் ஹைட்ரோட்ரீட்டருக்கு அனுப்புவது நல்லது. நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் நைட்ரஜன் போர்வை கட்டாயம். ஹைட்ரோட்ரீட்டரிலும் முதலில் 160-200 டிகிரியில் தனி ரியாக்டர் வைத்து டையோலிஃபினை அடக்கிவிட்டு, அப்புறம்தான் சூட்டை ஏற்ற வேண்டும்.

இன்னொரு சங்கதி சிலிக்கன். கோக் டிரம்மில் நுரை பொங்காமல் இருக்க சிலிக்கோன் மருந்து விடுகிறோம். அது சூட்டில் உடைந்து பெரும்பகுதி நாப்தாவோடுதான் வரும். வினையூக்கியின் துளைகளில் சிலிக்கா படிந்துவிட்டால் எரித்தெடுத்துப் புதுப்பிக்கவும் முடியாது, தூக்கியெறிய வேண்டியதுதான். நுரை மருந்தை நேரக் கணக்கில் விடாமல், டிரம்மின் மட்டக் கருவி காட்டும் நுரைக்கேற்ப விடுவதே இதற்குச் சிக்கனமான தடுப்பு.

கேள்வி: தவிட்டெண்ணெய் ஆலையில் ஹெக்சேன் பயன்படுத்துகிறோம். அதுவும் நாப்தாதானே, மலிவான நாப்தாவையே வாங்கினால்? - எண்ணெய் ஆலை மேற்பார்வையாளர், விருதுநகர் மாவட்டம்

பதில்: வேண்டவே வேண்டாம். உணவுத் தர ஹெக்சேன் லேசான நாப்தாவிலிருந்து 63-69 டிகிரிக்குள் நறுக்கென்று வெட்டியெடுத்து, பென்சீனை நீக்கியது. கொதிநிலை அகன்ற நாப்தாவைப் போட்டால் லேசான பகுதி கண்டென்சரில் குளிராமல் காற்றோடு போய்விடும். கனமான பகுதி எண்ணெயிலும் புண்ணாக்கிலும் தங்கிவிடும். அதை விரட்டச் சூட்டை ஏற்றினால் எண்ணெய் நிறம் கெடும். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள், சாப்பிடும் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. ஹெக்சேன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், காற்றில் 1.1 சதவீதம் இருந்தாலே பற்றும். ஆவி கண்டறியும் கருவியைத் தரையை ஒட்டி, பம்புக் குழியிலும் வடிகால் வாயிலும் பொருத்துங்கள். கூரையடியில் மாட்டி வைத்தால் பயனில்லை.

கேள்வி: மணலியில் ஒரே சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றி இத்தனை ரசாயன ஆலைகள் எப்படி வந்தன? - மாதவரம் வாசகி

பதில்: இடைப்பொருள்தான் காரணம். 1965-ல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸைத் தொடங்கின. 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓட ஆரம்பித்தது. இன்று சென்னை பெட்ரோலியம் என்ற பெயரில் 1.05 கோடி டன். பக்கத்து உர ஆலை பல்லாண்டுகள் நாப்தாவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா, யூரியா தயாரித்தது. 2019-ல்தான் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. கேட் கிராக்கர் தரும் புரொப்பிலீன் இன்னொரு ஆலையில் புரொப்பிலீன் ஆக்சைடாகி, மெத்தை நுரைக்கான பாலியாலாகிறது. மண்ணெண்ணெயிலிருந்து 10 முதல் 13 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி பாரஃபினைச் சலித்தெடுத்துப் பென்சீனோடு இணைத்தால் லீனியர் அல்கைல் பென்சீன். சோப்புத் தூளின் அடிப்படைப் பொருள் அதுதான். இந்தச் சரக்குகளை லாரியில் ஏற்றித் தொலைவு கொண்டுபோவதைவிடக் குழாய் வழியே மதிலுக்கு அப்பால் அனுப்புவது மலிவு, பத்திரம்.

கேள்வி: இலங்கையின் சப்புகஸ்கந்த ஆலையில் மசகெண்ணெயைச் சுத்திகரித்தால் பெற்றோலைவிட உலை எண்ணெயும் நாப்தாவும்தான் அதிகம் மிஞ்சுகிறது என்கிறார்களே? - யாழ்ப்பாண வாசகர்

பதில்: இலங்கையில் மசகெண்ணெய் என்றால் கச்சா எண்ணெய் என்பதைத் தமிழக வாசகர்கள் கவனிக்க. 1969-ல் அமைந்த அந்த ஆலையில் கேட் கிராக்கரோ ஹைட்ரோகிராக்கரோ இல்லை. அதனால் முதல் கோபுரத்தின் அடியில் தங்குவதைப் பெரிய அளவில் பெற்றோலாகவோ டீசலாகவோ உடைக்க வழியில்லை. பெரும்பகுதி உலை எண்ணெயாகவே போகும். மிஞ்சும் நாப்தாவைக் களனிதிஸ்ஸ மின்நிலையத்தின் வாயுச் சுழலி எரித்து மின்சாரமாக்குகிறது. உலை எண்ணெய்க்கு உள்ளூரில் கேட்பு குறைந்தால் டேங்க் நிறைந்து ஆலையையே நிறுத்த நேரும். உடைக்கும் யூனிட் இல்லாத எந்த ஆலைக்கும் இதே நிலைதான்.

கேள்வி: சூடான கசண்டு எண்ணெய் டேங்க்கை 90 டிகிரிக்கும் 130 டிகிரிக்கும் இடையில் வைக்கக் கூடாது என்கிறார்கள். அதைவிடச் சூடு அதிகமானால் ஆபத்தும் அதிகம்தானே? - டேங்க் பண்ணைப் பயிற்சியாளர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: ஆபத்து எண்ணெயில் இல்லை, அடியில் கிடக்கும் தண்ணீரில் இருக்கிறது. 90-க்குக் கீழே தண்ணீர் கொதிக்காது. 130-க்கு மேலேயே எப்போதும் இருக்கும் டேங்க்கில் தண்ணீர் தங்கவே தங்காது. இடைப்பட்ட சூட்டில்தான் தண்ணீர் அடியில் சேர்ந்தும் இருக்கும், கொதிக்கவும் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர். பிசுக்கான எண்ணெய்க்குள் அந்த ஆவி மாட்டிக்கொண்டால், பால் பொங்குவதுபோல டேங்க் முழுவதும் நுரைத்து எழும்பிக் கூரையைத் தூக்கிவிடும்.

தண்ணீர் நுழையும் வழிகள் மூன்று: ஓட்டையான நீராவிச் சுருள், டேங்க்குக்கு வரும் எண்ணெயைக் குளிர்விக்கும் ரன்டவுன் கூலரின் கசிவு, நீராவியால் கழுவிய குழாயில் தங்கிய நீர். குழாயைச் சூடான டேங்க்கை நோக்கி நீராவியால் தள்ளாதீர்கள். காஸ் ஆயில் விட்டுக் கழுவுங்கள். குளிர்ந்த டேங்க்கை 130-க்கு மேல் கொண்டுபோக வேண்டுமானால், முதலில் 90-க்குக் கீழே வைத்துத் தண்ணீரை முழுக்க வடித்து, அளவுக்கோலில் நீர் காட்டும் பசை தடவி இறக்கிப் பாருங்கள். பசை நிறம் மாறாவிட்டால் மட்டும் சூட்டை மெல்ல ஏற்றுங்கள். அப்போது எண்ணெய் மட்டத்துக்கு மேலே நுரைக்குப் போதிய காலி இடம் இருக்கட்டும். 90-ஐத் தாண்டி 130-ஐ எட்டும்வரை டேங்க்கின் மேல் யாரும் ஏறக் கூடாது.